மானிப்பாய் தந்த பாடம்: தமிழில் ஓர் அறிவியல் கலைத்திட்டத்தின் வரலாறு



1858ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஹென்றி கிரே என்னும் மருத்துவரின் உடற்கூற்று நூல் முதன்முதலாக வெளிவந்தது. பல பதிப்புகள் கண்டு, இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் கையில் எடுக்கும் நூல் அது. அது வெளிவந்து 14 ஆண்டுகளே கடந்த நிலையில், 1872இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழில் அச்சேறியது. எண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் எலும்பும் தசையும் நரம்பும் குருதிக்குழாயும் தமிழிலேயே விளக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து மானிப்பாய் என்னும் சிற்றூரில் இயங்கிய மருத்துவ வகுப்பொன்றின் பாடநூலாக அது அமைந்தது.

இச்செய்தியைக் கேட்கும்பொழுது நம் உள்ளத்தில் பெருமிதம் பொங்குவது இயல்பே. எனினும் பெருமிதத்தோடு நின்றுவிட்டால் வரலாறு நமக்கு ஒன்றும் கற்றுத்தராது. ‘தமிழில் அறிவியல் கற்பிக்க முடியுமா?’ என்று மேடைதோறும் வினவுகிறோம். அவ்வினாவுக்கான விடை 1872இலேயே கிடைத்துவிட்டது. நாம் கேட்கத் தயங்கும் வினா ஒன்று உண்டு. அவ்வளவு சிறப்பாகத் தொடங்கிய தமிழ் மருத்துவக் கல்வி ஏன் ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை? இன்றைய உரை அவ்வினாவைப் பின்தொடர்கிறது. அதற்கான விடை, மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு நேரடியாகத் தொடர்புடையது.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கலைத்திட்டம் என்பது பாடநூல் மட்டுமன்று. பாடத் தலைப்புகளின் பட்டியலும் அன்று. எதை முதலில் கற்பிப்பது, எதை அடுத்துக் கற்பிப்பது என்னும் ஒழுங்கு ஒன்று. கற்றதைக் கையால் செய்து, கண்ணால் கண்டு உறுதிசெய்யும் செய்முறை இரண்டாவது. கற்றதை அளந்தறியும் தேர்வு மூன்றாவது. கற்று முடித்தவருக்கு அடுத்துக் காத்திருக்கும் இடம் நான்காவது. இந்நான்கு தூண்களும் சேர்ந்தே ஒரு கலைத்திட்டத்தைத் தாங்குகின்றன. இவற்றுள் ஒன்று இல்லையெனினும் கூரை நெடுநாள் நில்லாது என்பதே மானிப்பாய் வரலாறு உணர்த்தும் உண்மை.

வட்டுக்கோட்டையில் கண்ணால் கண்ட பாடம்

மானிப்பாய்க்குச் செல்லுமுன் வட்டுக்கோட்டைக்குச் செல்லவேண்டும். அங்கே 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் ஓர் உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினறி என அது வழங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டேனியல் பூர். தமிழ் இலக்கிய இலக்கணமும் ஆங்கிலமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. கணிதம், இயற்கை நூல், வானியல் முதலியன மேல்வகுப்புகளில் இடம்பெற்றன. பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இச்செமினறியில் பயின்றவர்களே. பண்டைத் தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடியாகத் தாமோதரம்பிள்ளையை நாம் அறிவோம். அவர் உருவான கல்விச்சூழலில் தமிழும் கணிதமும் வானியலும் ஒருங்கே இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம்.

செமினறியின் தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அறிவியல் ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் நிகழவிருந்தது. அப்பகுதியில் பெயர்பெற்ற விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் அதன் நேரத்தையும் அளவையும் கணித்திருந்தார். செமினறியினர் ஐரோப்பிய முறையில் கணித்தபோது விடை வேறாக வந்தது. இரண்டில் எது சரி என்பதை நூல்களை மேற்கோள் காட்டி வாதிட்டுத் தீர்க்க இயலாது. கிரகண இரவில் மக்கள் வானத்தை நோக்கினர். செமினறியின் கணிப்பே நிகழ்வோடு பொருந்தியது.

இந்நிகழ்ச்சியைக் கீழைநாட்டு அறிவு தோற்றதாகவும் மேலைநாட்டு அறிவு வென்றதாகவும் சொல்வது எளிது. ஆனால் அச்செமினறியே அப்படி எண்ணிவிடவில்லை. பூருக்குப் பின் தலைமையேற்ற ஹென்றி ஹொய்சிங்டன் நம் நாட்டு வானியல் முறையைப் புறந்தள்ளாமல் ஆராய்ந்து, 1848இல் ‘சோதிசாத்திரம்’ என்னும் நூலை வெளியிட்டார். மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பதிலிருந்து புதியதற்கு அழைத்துச்செல்லும் நெறி அது. ஆகவே வட்டுக்கோட்டை நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. கணிப்பை நிகழ்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவியல் என்பது ஒன்று. மாணவரின் முன்னறிவை மதித்தே புதிய அறிவைக் கட்டவேண்டும் என்பது மற்றொன்று. இன்று நம் கலைத்திட்டம் ‘அறிவியல் செயற்பாங்குத் திறன்’ என வகுத்துரைக்கும் உற்றறிதலும் முன் அனுமானித்தலும் அக்கிரகண இரவில் முற்றத்திலேயே நிகழ்ந்தேறின.

செமினறி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்றவர்கள் அரசாங்க வேலை தேடிச் சென்றுவிடுகின்றனர்; ஊர்மக்களோடு அவர்களுக்குள்ள தொடர்பு தளர்கிறது; ஆதலின் தாய்மொழிக் கல்விக்கே முதலிடம் தரவேண்டும் என்பது அமெரிக்காவிலிருந்த மிஷன் தலைமையின் முடிவு. கல்வியில் மொழி பற்றிய வாதம் அன்றே தொடங்கிவிட்டது.

சாமுவேல் கிறீனின் வகுப்பறை

இச்சூழலில்தான் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் பணியாற்றினார். 1822இல் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்த அவர், 1847ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே அவ்வகுப்பில் இருந்தனர், பாடமொழி ஆங்கிலம்.

நோயாளிகள் திரளாக வந்தனர். மாணவர்கள் காலையில் நூலில் படித்ததை அன்றே மருந்தகத்தில் கண்டனர். வகுப்பறைக்கும் மருந்தகத்துக்கும் இடையே சுவர் இருக்கவில்லை என்று சொல்லலாம். செய்முறையின்றி மருத்துவம் கற்பிக்க முடியாது என்பது வெளிப்படை. ஆனால் அன்றைய பள்ளிகள் பலவற்றில் மனப்பாடமே கல்வியாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்பொழுது, கிறீன் வகுப்பின் தனித்தன்மை புலனாகும்.

அவர் முதலில் தமிழில் கொண்டுவந்த நூல் எது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பேரளவு மருத்துவ நூல் எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அமெரிக்கப் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்குமென கால்வின் கட்டர் எழுதிய உடலியல், உடல்நல நூலையே 1850களில் தமிழாக்கி வெளியிட்டார். 1857இல் மகப்பேற்று மருத்துவ நூல் ‘பிரசவ வைத்தியம்’ என வந்தது. 1867இல் அறுவை மருத்துவம் ‘இரண வைத்தியம்’ ஆயிற்று. அதன் பின்னரே, 1872இல், கிரேயின் பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் பொது மருத்துவ நூலாகிய ‘வைத்தியாகரம்’, 1875இல் வேதியியல் நூலாகிய ‘கெமிஸ்தம்’, 1883இல் உடலியங்கியல் நூலாகிய ‘மனுஷ சுகரணம்’ எனத் தொடர்ந்தன. எல்லாம் சேர்த்தால் 4000 பக்கங்களுக்கு மேல் வரும்.

இவ்வரிசையில் ஒரு கலைத்திட்டம் ஒளிந்திருக்கிறது. மனித உடலைப் பற்றிய எளிய அறிமுகம் முதலில். அதே பொருள் இருபதாண்டுகளுக்குள் விரிவாகவும் ஆழமாகவும் மீண்டும். இன்று நாம் ‘சுழல்முறை’ என அழைக்கும் அமைப்பும் இதுவே. கீழ்வகுப்பில் விதைத்த கருத்தையே மேல்வகுப்பில் மீண்டும் எடுத்து வளர்ப்பது அதன் இயல்பு. முதற்படியைக் கட்டாமல் மூன்றாம் படியில் கால்வைக்க அவர் முயலவில்லை. மகப்பேற்று நூல் இரண்டாவதாக வந்ததற்கும் காரணம் தெளிவு. ஊரில் எது மிகுதியாகத் தேவைப்பட்டதோ அதற்கு முன்னிடம் கிடைத்தது. பொதுமக்களுக்கென வாந்திபேதி பற்றிய சிறு தமிழ் வெளியீட்டையும் அவர் பரப்பினார். பாடத்தின் ஒழுங்கு பொருளின் தருக்கத்தாலும் மக்களின் தேவையாலும் ஒருங்கே அமைந்தது.

1864: தமிழ் பாடமொழியாகிறது

விடுமுறையில் தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிறீன், 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவ வகுப்பு முழுவதையும் தமிழில் நடத்தலானார். அதுவரை ஆங்கிலத்தில் பயின்றவர்களுள் பலர் அரசாங்கப் பணியேற்று வேற்றூர்களுக்குச் சென்றிருந்தனர். தமிழில் பயின்றவர்கள் தம் ஊரிலேயே தங்கி, தம் மக்களுக்கே மருத்துவம் செய்வார்கள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. மாணவர்கள் தம் நாட்டு உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிடலாகாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். சமயம் பரப்ப வந்தவர் அவர். அந்நோக்கத்தை அவர் மறைத்ததில்லை. ஆயினும் தம் மாணவர்கள் ஐரோப்பியரின் நிழல்களாக மாறுவதை அவர் விரும்பவில்லை.

ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அவரிடம் பயின்றவர்கள் ஏறத்தாழ 60 பேர். எண்ணிக்கை சிறிதே. ஆனால் இவர்களுட் பலர் மாணவர்களாக மட்டும் இருந்துவிடவில்லை. மொழிபெயர்ப்பாளர்களாகவும் பின்னர் ஆசிரியர்களாகவும் உயர்ந்தனர். பெருநூல்களின் தமிழாக்கம் தனியொருவரின் உழைப்பன்று. தாம் கற்ற பாடத்தைத் தாமே தமிழில் எழுதும்பொழுது, புரியாத இடம் எது என்பது அவர்களுக்கு முதலில் தெரிந்துவிடும். பாடநூல் எழுதுபவர் வகுப்பறையிலிருந்தே வரவேண்டும் என்னும் நெறி மானிப்பாயில் இயல்பாகவே கைக்கொள்ளப்பட்டது.

சொல் பிறந்த முறை

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் பின்பற்றிய முறை எளிமையானது. ஒரு கருத்துக்குத் தமிழில் வழக்குச்சொல் இருக்கிறதா என்று முதலில் தேடினார். இல்லையெனில் அன்று கற்றோர் வழக்கில் இருந்த வடசொல்லை நாடினார். அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டார். ‘இரண வைத்தியம்’ ஊரறிந்த சொல்லால் அமைந்தது. ‘சுகரணம்’ வடமொழிச் சாயல் கொண்டது. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு சேர்த்து அமைத்துக்கொண்டது.

இவற்றுட் பல இன்று வழக்கில் இல்லை. இன்று நாம் உடற்கூறியல், வேதியியல், அறுவை மருத்துவம் என்கிறோம். பழைய சொற்கள் மறைந்ததைக் குறையென்று கருதவேண்டியதில்லை. எந்த மொழியிலும் கலைச்சொற்கள் தேய்ந்தும் மாறியும்தான் நிலைபெறுகின்றன. ஆனால் ஒரு சொல் மாறவேண்டுமானால் அதை நாள்தோறும் பயன்படுத்தும் வகுப்பறை வேண்டும். பயன்பாட்டில் உள்ள சொல் திருந்தும். அகராதியில் மட்டும் உள்ள சொல் அப்படியே கிடந்து பழையதாகும். கிறீனின் சொற்களுக்கு நேர்ந்தது இரண்டாவது நிலை. அவை வகுப்பறையில் வளர்ந்து மாறுமுன், அவற்றை வழங்கிய வகுப்பே மறைந்துவிட்டது.

ஏன் நின்றது?

1873ஆம் ஆண்டு கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அமெரிக்காவில் இருந்தபடியே நூல்களைச் செப்பனிடும் பணியைத் தொடர்ந்தார். 1884இல் அவர் மறைந்தார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. அவரிடம் பயின்றவர்கள் வகுப்பைச் சில காலம் நடத்தினர். ஆயினும் அது நீடிக்கவில்லை.

நான்கு தூண்களையும் இப்பொழுது ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பாட ஒழுங்கு இருந்தது. நூல்வரிசையே அதற்குச் சான்று. செய்முறை இருந்தது; மருந்தகமே ஆய்வகம். தேர்ச்சியை அறிய ஆசிரியரும் அவருடைய மதிப்பீடும் இருந்தன. நான்காவது தூண், அதாவது கற்று முடித்தவருக்குக் காத்திருக்கும் இடம், கிறீனின் கையில் இருக்கவில்லை. அது குடியேற்ற அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1870ஆம் ஆண்டு கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பாடமொழி ஆங்கிலம். அரசாங்க மருத்துவமனைகளின் பதிவேடும் கடிதமும் பதவியும் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஒரு தந்தை தம் மகனை எங்கே அனுப்புவார்? தமிழில் பயின்றால் ஊரில் மதிப்பு. ஆங்கிலத்தில் பயின்றால் ஊதியமும் ஓய்வூதியமும். அத்தந்தையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

இதற்கு மறுபக்கச் சான்றும் இலங்கையிலேயே உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இலங்கைப் பள்ளிகளில் தாய்மொழிக் கல்வி நிலைபெற்றது. இன்றும் அங்கே ஒரு மாணவர் உயர்தர வகுப்பு வரை அறிவியலைத் தமிழில் கற்று, பொதுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அத்தேர்வே பல்கலைக்கழக வாயிலைத் திறக்கிறது. ஆதலால் அங்குத் தமிழ் அறிவியற் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. ஆசிரியர்களும் பாடநூல்களும் தொடர்ந்து உருவாகின்றனர், உருவாகின்றன. ஆனால் 1978இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பாடமொழி ஆங்கிலமே. மானிப்பாயிலிருந்து சில கல் தொலைவில், ஒரு நூற்றாண்டுக்குப் பின், மருத்துவம் மீண்டும் ஆங்கிலத்தில் தொடங்கிற்று. அடுத்த படி எந்த மொழியில் காத்திருக்கிறதோ, அந்த மொழியையே முந்தைய படி நோக்கும். மொழியின் வளம், வறுமை என்பவற்றைவிட வலிமையான விசை இது.

கடல் கடந்த தொடர்ச்சி

இந்த விசை நம் மண்ணின் வரலாற்றையும் தொட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் மலாயாவுக்குப் பெருந்தொகையாக வந்தனர். எழுத்தர்களாகவும் இரயில்வே பணியாளர்களாகவும் மருத்துவமனை உதவியாளர்களாகவும் அவர்கள் அமர்ந்தனர். அவர்களுக்குப் பயணச்சீட்டாக உதவியது யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் தந்த ஆங்கிலக் கல்வி. ‘மனுஷ அங்காதிபாதம்’ பிறந்த அதே நிலப்பகுதி, அடுத்த தலைமுறையில் ஆங்கிலம் கற்றவர்களைக் கடல் கடந்து அனுப்பிற்று.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த பாட்டாளிகளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேறு கல்வி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தும் வாசிப்பும் எண்கணக்கும் இருந்தன. அறிவியலுக்கு அங்கு இடம் அரிது. தோட்டத்து மருந்தகத்தில் ‘டிரெசர்’ இருந்தார். அவர் ஆங்கிலத்தில் கற்ற மருத்துவத்தைப் பாட்டாளியின் மொழியில் சொல்லவேண்டியிருந்தது. நம் முன்னோர் அறிவியலைத் தமிழில் கேட்ட முதல் இடங்களுள் ஒன்று அந்த மருந்தகத் திண்ணை என்றால் மிகையாகாது.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை இந்நிலையை மாற்ற வழிவகுத்தது. பாடமொழி எதுவாயினும் நாட்டின் எல்லாப் பள்ளிகளும் பொதுவான பாடப்பொருளைப் பின்பற்றவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அதன் விளைவாகத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் நாட்டின் அறிவியலாயிற்று. 1973இல் கலைத்திட்ட மேம்பாட்டு மையம் அமைக்கப்பட்டது. 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், இயற்கையும் மனிதனும் என்று பொருள்படும் ஒருங்கிணைந்த பாடம் இடம்பெற்றது. 1990களில் அது பிரிந்து, அறிவியல் மீண்டும் தனிப்பாடமாயிற்று. இம்மாற்றங்கள் எல்லாவற்றிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அறிவியலைத் தமிழிலேயே கற்றது.

2003 முதல் 2012 வரை

2003ஆம் ஆண்டு சனவரியில் இவ்வொழுங்கு மாறியது. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படவேண்டும் என்னும் கொள்கை முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, ஆறாம் படிவத்தின் கீழ்நிலை ஆகிய மூன்று வகுப்புகளில் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டது. சீனப்பள்ளிகள் ஆங்கிலத்தோடு தாய்மொழியிலும் அப்பாடங்களைத் தொடர்ந்து கற்பித்தன. தமிழ்ப்பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறின. கொள்கையின் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. பல்கலைக்கழகத்திலும் தொழில் உலகிலும் அறிவியல் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆகவே தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் கற்பிக்கலாம் என்பது அதன் வாதம். நான்காவது தூணை மட்டும் நோக்கி எடுக்கப்பட்ட முடிவு அது. முதல் மூன்று தூண்களும் அம்மாற்றத்துக்கு ஆயத்தமாக இருந்தனவா என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.

2009ஆம் ஆண்டு சூலை மாதம் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2012இலிருந்து படிப்படியாகப் பழைய மொழிகளுக்குத் திரும்புவதெனத் தீர்மானிக்கப்பட்டது. 2011இல் முதலாம் ஆண்டில் புதிய தர அடிப்படையிலான கலைத்திட்டமும் தொடங்கிவிட்டது.

இக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் பன்னாட்டுக் கணித அறிவியல் ஆய்வாகிய ‘டிம்ஸ்’ மதிப்பெண்களைச் சான்றாகக் காட்டுவதுண்டு. இரண்டாம் படிவ மாணவர்களின் அறிவியலில் மலேசியாவின் சராசரி 2003இல் 510, 2007இல் 471, 2011இல் 426. 2011இல் தேர்வெழுதியவர்கள் முதலாம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் பயின்றவர்கள். ஆகவே வீழ்ச்சிக்கு மொழியே காரணம் என்பார் சிலர். அவசரப்படலாகாது. 2015இல் சராசரி 471 ஆக உயர்ந்தது. 2019இல் 460 ஆகக் குறைந்தது. அதற்குள் பாடத்திட்டமும் தேர்வுமுறையும் மாறியிருந்தன. ஒரே நேரத்தில் பல மாறிகள் மாறும்பொழுது விளைவை ஒன்றன்மேல் மட்டும் சுமத்த முடியாது என்பதை நாம் ஐந்தாம் ஆண்டு மாணவருக்கே கற்பிக்கிறோம். அப்பாடத்தை நாமும் மறவாதிருப்போம்.

எனினும் ஒன்றை ஐயமின்றிக் கூறலாம். பத்தாண்டுக்குள் பாடமொழி இருமுறை மாறியது. தமிழில் கற்பித்த ஆசிரியர் ஆங்கிலத்துக்கு மாறினார்; பின்னர் தமிழுக்குத் திரும்பினார். இடையில் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர், தாம் வகுப்பறையில் ஒருமுறையும் வழங்கியிராத தமிழ்க் கலைச்சொற்களோடு பாடம் நடத்தவேண்டியவரானார். மாற்றத்தின் சுமையை முதலில் தாங்கியவர்கள் ஆசிரியர்களே. மானிப்பாயில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து பல்லாண்டுகள் உழைத்துச் சொற்களையும் முதல் நூல்களையும் ஆக்கிக்கொண்ட பின்னரே வகுப்பு முழுமையாகத் தமிழுக்கு வந்தது. கலைத்திட்டச் சீர்திருத்தத்தில் காலமும் ஒரு பொருள்; அதைக் குறைத்தால் தரம் குறையும்.

பாலம் அமைத்தல்

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. அங்கே அறிவியல் பெரும்பாலும் தேசிய மொழியில். பிறகு பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நம் நான்காவது தூண் அடுத்த வகுப்பே. அதைத் தமிழாக மாற்றும் ஆற்றல் நமக்கு இல்லை. கிறீனுக்கும் இருக்கவில்லை. ஆனால் அவர் அமைக்காத ஒன்றை நாம் அமைக்கலாம், அது பாலம்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தாவரம் உணவு தயாரிக்கும் முறையை நம் பிள்ளை ‘ஒளிச்சேர்க்கை’ என்று கற்கிறது. அடுத்த பள்ளியில் ‘ஃபோத்தோசிந்தேசிஸ்’ என்னும் சொல்லைச் சந்திக்கிறது. புதிய பாடமோ என அஞ்சுகிறது. ஆனால் அச்சொல்லின் கிரேக்க வேர்களுக்கும் ஒளி, சேர்த்தல் என்பவையே பொருள். நம் சொல்லும் அச்சொல்லும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ‘வெப்பமானி’யும் ‘தெர்மோமீட்ட’ரும் அத்தகையனவே, வெப்பம், அளப்பது என இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. தேசிய மொழியும் ஆங்கிலமும் அவ்வேர்களையே பகிர்ந்துகொள்கின்றன. இதை ஆறாம் ஆண்டில் ஒருமுறை தெளிவாக்கிவிட்டால், தமிழில் கற்றவர் பின்தங்கியவர் அல்லர். பொருள் விளங்கக் கற்றவர் ஆவார். மற்றவர்க்கு வெறும் ஒலியாக இருக்கும் சொல், அவருக்குப் பொருளாக இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஐந்தாம் ஆறாம் ஆண்டு அறிவியல் ஆசிரியர்கள் ஒவ்வொரு அலகின் முடிவிலும் முதன்மைச் சொற்களை மூன்று மொழிகளிலும் மாணவரின் குறிப்பேட்டில் வரிசைப்படுத்தச் செய்யவேண்டும். பொருளைத் தமிழிலேயே விளக்கவேண்டும். இரண்டாவது, தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியரும் அதே வட்டாரத்து இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சந்தித்து, ஒருவர் முடிக்கும் இடமும் மற்றவர் தொடங்கும் இடமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது, செய்முறையை எக்காரணம் கொண்டும் குறைக்கலாகாது. ஒரு விதை முளைப்பதைத் தானே கண்டு, அளந்து, பதிந்த பிள்ளை, அவ்வறிவை எந்த மொழிக்கும் எடுத்துச்செல்லும். மனப்பாடம் செய்த வரி, மொழி மாறும்பொழுது உதிர்ந்துவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். நீங்கள் தமிழில் கற்கும் அறிவியல் ஆறாண்டுகளில் கழற்றி வைத்துவிடும் சட்டையன்று. 1829இல் வட்டுக்கோட்டையில் வானத்தை நோக்கியவர்களும், மானிப்பாய் மருந்தகத்தில் நின்று கற்றவர்களும் உங்களுக்கு முன்னோடிகள். அவர்களுக்கு வழி பாதியில் முடிந்தது. உங்களுக்கு வழி நீள்கிறது. மொழிகள் மட்டும் இடையில் மாறுகின்றன.

மானிப்பாயில் கிறீன் பெயரால் ஒரு மருத்துவமனை இன்றும் இயங்கிவருகிறது. அவர் தந்த நூல்கள் நூலகங்களில் இருக்கின்றன. இல்லாமற் போனது வகுப்பு ஒன்றுதான். நம்மிடம் வகுப்பு இருக்கிறது. நாளைக் காலை மணி அடிக்கும்பொழுது பிள்ளைகள் வந்து அமர்வார்கள். அதைக் காப்பதும் திருத்துவதும் அடுத்த படியோடு இணைப்பதும் இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களின் கையில் உள்ளன.